கிளாஃபிரா தேய்த்த ஸ்பூன்

எங்கள் ஸ்டூடியோவில் போர்ப் படம் என்றால் கிளாஃபிரா ஸகாரவ்னா இல்லாமல் வேலை நடக்காது. குண்டு வைப்பது வேறு ஆள்தான். ஆனால் அது வெடிக்கும் இடத்தில் கிடக்க வேண்டிய தொப்பி, தண்ணீர்க் குப்பி, கிழிந்த கடிதம் எல்லாம் அவள் தேடிக் கொண்டுவருபவை. பொய்ச் சாமானே அவளுக்கு ஆகாது. ஒரு நடிகர் கையில் பளபளவென்றிருக்கும் குவளையைப் பார்த்தால் பிடுங்கிக்கொள்வாள்.

"சண்டைக்கு வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா?"

நான் விளக்கு போடுகிறவன். பதினாறு வருடப் பழக்கத்தில் அவள் தன் வீட்டுக் கதையை எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் போர்முனையில் காணாமல் போனவர். எங்கள் நாட்டில் செத்தவன் வீரன். காணாமல் போனவன் எதிரியிடம் சரணடைந்திருப்பானோ என்ற சந்தேகத்தில் பாதித் துரோகி. பக்கத்து வீட்டுக்காரிகளின் வாய்க்கு அம்மா சாகும்வரை பயந்தாள். "இன்ன இடத்துல செத்தாருன்னு ஒரு வரி வந்தாப் போதும்" என்பாள் கிளாஃபிரா. அப்பா செத்தார் என்ற காகிதத்துக்காக ஏங்கிய மகள் அவள்.

எழுபத்துநான்கில் ஸ்மோலென்ஸ்க் பக்கம் ட்ரோஸ்டோவோ என்ற ஊரில் படப்பிடிப்பு. நிஜமாகவே சண்டை நடந்த மண். உருளைக்கிழங்கு நட்டால் கூடவே ஏதாவது ஒன்று மேலே வரும். ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள், கிளாஃபிரா பதிலுக்கு டப்பாக் கறி கொடுப்பாள். அதிகம் வந்தது அலுமினிய ஸ்பூன்தான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், காம்பில் கத்தியால் பெயரைக் கீறி வைப்பது படைவீரர்களின் வழக்கம்.

அந்தப் பெயர்தான் வம்பு. முந்தைய படத்தில் கதாநாயகன் வேறு யாரோ பெயர் போட்ட ஸ்பூனால் கஞ்சி குடித்துவிட்டானாம். எங்கோ ஒரு வாத்தியார் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் போட, இயக்குநர் குதியோ குதி என்று குதித்தார். அன்றிலிருந்து கிளாஃபிரா பழைய பெயர்களை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துவிட்டு, கதாபாத்திரத்தின் பெயரைக் கீறிவிடுவாள்.

அன்று படப்பிடிப்புக்கு உதவ வந்த பட்டாளத்து ஆட்கள் காட்சிக்காகப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய மண்வெட்டியில் பூட்ஸ் மாட்டியது. இழுத்தான். உள்ளே கால் எலும்பு இருந்தது. அவன் அலறிக்கொண்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறினான்.

படத்துக்கு ஆலோசகராக வந்திருந்த ஓய்வுபெற்ற கேப்டன் எமெல்யான் சாவிச் குழிக்குள் இறங்கி, கையாலேயே மண்ணைத் தள்ளினார். இடுப்புப் பக்கம் விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குப்பி கிடைத்தது. பெயரும் ஊரும் எழுதிய காகிதத்தைப் படைவீரர்கள் அதில்தான் வைக்க வேண்டும். கிளாஃபிரா அதைத் திருகித் திறந்தாள். உள்ளே நூல் சுற்றிய இரண்டு ஊசிகள்.

"காகிதம் எங்கங்க?"

"எழுதினா சாவு வரும்னு நம்பினோம் தாயி. நானும் ஊசிதான் வெச்சிருந்தேன்" என்றார் கேப்டன். "விடுங்க, பூட்ஸ்ல ஸ்பூன் சொருகியிருப்பான். அதுல பேர் இருக்கும்."

இரண்டு பூட்ஸிலும் ஸ்பூன் இல்லை.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து கிழவி பெலகேயா எட்டிப் பார்த்தாள். "அதையா தேடறீங்க? ஏர் ஓட்டறப்போ அந்த பூட்ஸ் வெளிய வந்துச்சு. ஸ்பூனை எடுத்துக்கிட்டு திரும்ப மண்ணைத் தள்ளிட்டேன். உன்கிட்டதானே குடுத்தேன் மகளே, போன வாரம்?"

"பூட்ஸுக்குள்ள எலும்பு இருந்துச்சே! பார்க்கலையா?" என்று நான் கத்தினேன்.

"இங்க எங்க தோண்டினாலும் எலும்புதான். அதுக்காகக் கெழங்கு நடாம இருக்க முடியுமா?"

"என்ன பேர் போட்டிருந்துச்சு?" என்று கேட்டார் கேப்டன்.

"எனக்கு எழுத்து ஏது சாமி?"

எல்லோரும் கிளாஃபிராவைப் பார்த்தோம். கதாநாயகனிடம் போய், அவன் பூட்ஸில் சொருகியிருந்த, கிழவி கொடுத்த அந்த ஸ்பூனை உருவிக் கேப்டனிடம் கொடுத்தாள். அவர் வெயிலில் சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவினார். கதாபாத்திரத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாதே, பாவி! அந்த நேர்த்தியை அன்று நான் சபித்தேன்.

"முதல் எழுத்தாவது ஞாபகம் இருக்கா, கிளாஃபிரா ஸகாரவ்னா?"

"படிக்கலைங்க. தேய்க்கிறப்போ நான் படிக்கவே மாட்டேன்."

இயக்குநர் வெளிச்சம் போகிறது என்று முனகினார். நான் விளக்குகளை அணைத்தேன். அந்த மனிதனைப் பிர்ச் மரத்தடியில் புதைத்தோம். பலகையில் எழுத ஒன்றுமில்லை.

கிளாஃபிரா எங்களோடு வரவில்லை. திரும்பியபோது சாமான் லாரியின் பக்கத்தில், புல்தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியிலிருந்த ஸ்பூன்களையெல்லாம் வரிசையாகப் பரப்பியிருந்தாள். முப்பதுக்கு மேல் இருக்கும், அத்தனையும் மழமழவென்று.

"இதுல எங்கப்பாவோடது இருந்திருந்தாலும் தேய்ச்சுத்தான் போட்டிருப்பேன்" என்றாள்.