மோரில் கலந்தது

புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்களுக்கு நாராயணவனத்தில் எங்கள் வாசலில் மோர் கொடுப்போம். சென்ற ஆண்டு நான்தான் மோர் கலக்கினேன். கையால் கலக்கினால்தான் ருசி என்பார்கள். நடுவில், ஆய் போயிருந்த என் இரண்டு வயது மகளுக்குக் கால் கழுவிவிட்டு, வரிசை நீண்டதால் வெறும் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு திரும்பினேன்.

ஒரு மாதத்தில், என்னோடு மோர் ஊற்றிய எதிர்வீட்டு கௌரிக்கு மஞ்சள் காமாலை வந்தது. லாரித் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். சுகாதாரத் துறைப் பெண் ஒருவர் வந்து எங்கள் இரண்டு வீட்டிலும் எல்லோரிடமும் ரத்தம், மலம் மாதிரி எடுத்துப் போனார். சில வாரங்களில் திரும்பி வந்தார்.

“அக்கா, கௌரி அக்கா கிட்ட இருந்த வைரஸும் உங்க பாப்பா கிட்ட இருந்ததும் ஒரே வகை. திருவள்ளூர்லயும் ரெண்டு பேருக்கு இதேதான். அவங்களும் இங்க மோர் குடிச்சவங்க.”

“பாப்பாக்கு ஒண்ணுமில்லையேம்மா. நல்லா துன்னுகினு ஆடிகினு கீறா.”

“சின்னப் பசங்களுக்கு வெளிய தெரியாதுக்கா. யார் கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது.”

எனக்கு என் கை நினைவு வந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய கௌரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “போவுது வுடு, பொழச்சிக்கினேன் இல்ல” என்றாள். ஆனால் அன்று மோர் குடித்துவிட்டு, “நல்லா இருக்கணும்மா” என்று வாழ்த்திப் போனவர்களில் ஒரு முகம்கூட எனக்கு நினைவில்லை. அவர்களை எங்கே தேடுவேன்?

இப்போதும் தினமும் காலை வெளிச்சத்தில் மகளின் கண்களை விரித்துப் பார்க்கிறேன். அவை வெள்ளையாகத்தான் இருக்கின்றன. அன்றும் அப்படித்தான் இருந்தன.