அன்று ரேஞ்ச் இருந்தது

அன்று ரேஞ்ச் இருந்தது. மேகம் இறங்கியது, டவர் செத்தது என்று நான் சொன்னதெல்லாம் பொய். சவரி அண்ணன் சாகும் நேரத்தில் தன் மனைவியைக் கூப்பிட்ட ஒவ்வொரு அழைப்பையும் வரவிடாமல் தடுத்தவள் நான்தான்!

போடிமெட்டுக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள், ஏலத்தோட்ட லயத்தில் எங்கள் வீடு. லயம் என்றால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் இடம். என் ஃபோனுக்கு அங்கே ஒரு கோடுகூட ரேஞ்ச் கிடையாது. சவரி அண்ணனின் மனைவி, எதிர்வீட்டு ஞானம் அக்காவின் சிம் மட்டும், குருசடி என்னும் வழியோரச் சிலுவைக் கோயில் வளைவில் நின்றால், கீழே போடிப் பக்கத்து டவரைப் பிடிக்கும்.

நான் பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு லேப்டாப்பில் வேலை செய்கிறவள். எங்கள் லயத்தில் காய் எடுக்கப் போகாத முதல் பெண். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது?

தினமும் காலையில் தோட்டத்துக்குப் போகும்முன் அக்கா தன் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அதை பிளாஸ்டிக் பையில் போட்டுக் குருசடி மரக்கிளையில் தொங்கவிடுவேன். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, படியில் குடையை விரித்து உட்கார்ந்து வேலை செய்வேன். பதிலுக்கு அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணன் கூப்புட்டா மட்டும் எடுத்துரு தாயி. மேக்காட்டுல ஒத்தையில காவலுக்கு இருக்காரு. நெஞ்சுவலி வந்த மனுசன்."

"எடுத்துர்றேன்க்கா" என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்!

அண்ணனிடம் இருந்தது பட்டன் ஃபோன். ஒன்றாம் நம்பர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அக்காவுக்குப் போகும். வேறு யாரையும் கூப்பிட அவருக்குத் தெரியாது. மத்தியானத்தில் கூப்பிடுவார். "சும்மா அடிச்சுப் பாத்தேன் தாயி, ரேஞ்சு இருக்கான்னு" என்று சிரிப்பார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் என் நெட் அறுந்துவிடும். அந்த ஃபோனில் அழைப்பு வந்தால் ஹாட்ஸ்பாட் நின்றுபோகும். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த என் முகம் திரையில் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் மேனேஜர் மேல் வரவில்லை... அண்ணன் மேல் வந்தது.

வரும் அழைப்புகளை வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி எல்லா ஃபோனிலும் உண்டு. நான் அக்காவின் அழைப்புகளை, அணைத்துப் போட்டிருந்த என் பழைய ஃபோனின் எண்ணுக்குத் திருப்பிவிட்டேன். சாயங்காலம் கொடுக்கும்போது பழையபடி மாற்றிவிடுவேன். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்களாக இருந்தால் செய்திருப்பீர்களா? செய்திருக்க மாட்டேன் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள்.

அன்று நெட் ஒருமுறைகூட அறுபடவில்லை. முழு மீட்டிங்கும் நான் பேசினேன். பிரமாதம் என்று பாராட்டினார்கள்!

சாயங்காலம் அண்ணனைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவர் அவருடைய ஃபோனை அக்காவிடம் நீட்டி, "ஒம் பேருதாம்மா வரிசையா இருக்கு" என்றார். அக்கா ஓடிப்போய்க் கிளையிலிருந்து தன் ஃபோனைப் பறித்தாள். அதில் ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

"ஜெனி... கூப்புட்டாராடி?"

"ரேஞ்ச் இல்லக்கா. மேகம் எறங்கவும் போயிருச்சு."

அவள் நம்பினாள். எங்கள் மலையில் அதைவிட எளிதாக நம்பக்கூடிய பொய் வேறு கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஜீப் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டும் முன்பே அண்ணன் போய்விட்டார்.

அதன்பிறகு அக்கா அந்த ஃபோனைத் தொடவில்லை. சிம் சாகக் கூடாதென்று மகள் ரீசார்ஜ் மட்டும் செய்துகொண்டிருந்தாள். ஆனால் அக்கா சும்மா இருக்கவில்லை. டவர் வேண்டும் என்று லயம் லயமாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். கிராமசபையில் எழுந்து நின்றாள். அவளுக்கு மலையாளம் வராது. பக்கத்தில் நின்று மலையாளத்தில் எடுத்துச் சொன்னது யார் தெரியுமா? நான்!

"ரேஞ்சு இருந்திருந்தா எம்புருசன் பொழச்சிருப்பாரு. இன்னொருத்தி தாலியறுக்க வேணாம்" என்றாள் அவள். "ரேஞ்ச் இல்லாஞ்ஞிட்டா மரிச்சது" என்றேன் நான். ஒரே பொய்யை இரண்டு மொழியில் சொல்லியாகிவிட்டது. சபையில் அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன்... அந்தக் கண்ணீரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டவர் வந்தது. இப்போது என் வீட்டுக்குள்ளேயே நெட் ஓடுகிறது. குடை வேண்டாம், குருசடிப் படி வேண்டாம். எனக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்துவிட்டது.

போன வாரம் அக்கா ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "முழுசா ரேஞ்சு காட்டுது தாயி. ஆனா யாரு கூப்புட்டாலும் அடிக்கவே மாட்டேங்குது. மக திட்டுறா. என்னன்னு பாரு."

ஃபோனை வாங்கினேன். அன்றைய அலறலில் நான் மாற்றிவைக்க மறந்தது... அப்புறம் கேட்டு வாங்கத் துணியாதது... திறந்து பார்த்தேன். என் பழைய எண் அப்படியே இருந்தது!

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தேன். அவளுக்கு எதுவும் புரியவில்லை. சற்று நேரத்தில் அவள் கையிலேயே ஃபோன் அடித்தது, மகள்தான்.

"அடிக்குது பாரு!" என்றாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. மகளிடம் பேசி வைத்துவிட்டு, முந்தானையால் ஃபோனைத் துடைத்தபடி கேட்டாள்:

"அன்னைக்கி இந்த டவரு இருந்திருந்தா நீ எடுத்திருப்பேல்ல, தாயி?"

"எடுத்திருப்பேன்க்கா" என்றேன்.

உங்களிடம் சொல்ல முடிந்தது அவளிடம் சொல்ல வரவில்லை. நாளைக் காலையிலும் நான் கதவைத் திறந்தால் எதிரே அவள் வாசல்தான்.