அத்தை கொண்டுவந்த தூள்

எனக்குப் பத்து வயதானபோது அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சமைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டும். உடனே ஃபிரிஜ்ஜைத் திறந்து, அதற்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார். என்ன தேடுகிறார் என்று நானும் எட்டிப் பார்ப்பேன். நேற்றைய பருப்புக்கறிதான் இருக்கும்.

அப்பாவின் தங்கச்சிக்கு அலுவிகாரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வேலை. வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாவும் சாதிக்காயும் காட்டிக் கதை சொல்வார். அந்த அத்தைதான் அம்மாவின் சூட்டுக்கென்று லேபல் இல்லாத போத்தலில் ஒரு தூளைக் கொண்டுவந்தார்.

"ரெண்டு வேளையும் சுடுதண்ணியில போட்டுக் குடிங்க அண்ணி. வேருங்கதானே, ஒண்ணும் செய்யாது."

அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை போடுவார். அதை அத்தையும் யோசிக்கவில்லை, அம்மாவும் யோசிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் அம்மாவின் கையில் நீலநீலமாகக் கன்றிய அடையாளங்கள். பல் துலக்கினால் இரத்தம். எங்கேயோ இடித்துக்கொண்டதாகச் சொன்னார். கிளினிக் நாளில் அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, வேறு மருந்து ஏதாவது குடிக்கிறாரா என்று கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். அத்தை சுவரைப் பார்த்தார்.

"தூள் குடிக்கிறாங்க," என்றேன் நான்.

அம்மா என் தொடையைக் கிள்ளினார். டாக்டரம்மா ஏசவில்லை. "மூலிகையெல்லாம் கெட்டதில்லம்மா. ஆனா உங்க மாத்திரையோட எது சேரும், எது சேராதுன்னு கேட்காம குடிக்கக்கூடாது. நல்லவேளை, இந்தப் புள்ள சொல்லிச்சு."

ஆனாலும் இரத்தம் சரியாகும்வரை அம்மாவை வார்டில் வைத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்ததால்தான் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, மூன்று நாளும் யார் முகத்தையும் பார்க்காமல் திரிந்தேன்.

நான்காம் நாள் அம்மா தெளிந்த முகத்தோடு டாக்டரம்மாவுக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மாதவிடாய் நிற்கிற வயதில் வருவதுதான் என்று சொல்லி, அந்தச் சூட்டுக்கும் வியர்வைக்கும் இதயத்துக்குக் கெடுதல் செய்யாத வேறு மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. அம்மா எழுந்ததும், அத்தை மெதுவாக அதே கதிரையில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கும் ரெண்டு வருஷமா அப்படித்தாங்க டாக்டர். யார்கிட்டயும் சொல்லல."

அம்மா அத்தையின் தோளில் கைவைத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்கள். சுகமாகி வீட்டுக்குப் போகிற நாளில் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.