டிபன் பாக்ஸ் மட்டும் வேலைக்குப் போன வருஷம்

காலையில் ஒரு சினிமா காமெடியன் இறந்துபோனார். டிபன் சாப்பிட்டு முடிப்பதற்குள் புனே பக்கத்து எங்கள் நிக்டி தமிழ்க்காரர்களின் வாட்ஸ்அப்பில் இரண்டு கட்சி. ஒருவர் கும்பிடும் கைகளைப் போட்டார். இன்னொருவர், ‘நாக்கால எத்தனை பேரை அழ வெச்சான்’ என்று போட்டார். எனக்கு பெஞ்சமின் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே தளேகாவ் ஸ்டேஷன் இஞ்சி டீ வாசனையும்.

தொண்ணூறுகளில் தளேகாவ் ஃபேக்டரிக்கு இருவரும் லோக்கல் ரயிலில் போவோம். கட்கியில் ஏறுகிற பெஞ்சமின் ஆகுர்டியில் ஏறும் எனக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருப்பார். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பத்து நிமிடம் மைக் அவருக்கு. ஒருவர் விடாமல் கிண்டலடித்துக் கிழிப்பார். அதில் பாதி நான் எழுதியது. மைக்கைக் கண்டால் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். டீக்கடையில் எழுதியதை நீட்டினால், “அரே மாப்ளே, காரம் கம்மி. மிர்ச்சி போடு” என்பார். போடுவேன்.

ஒரு வருஷம் கூடுதலாகவே போட்டுவிட்டேன். அடுத்த கட்டடத்து சிவராமனின் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவரோ தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி வந்து தளேகாவ் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அப்படித்தான் இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

மேடையில் பெஞ்சமின், “நம்ம சிவராமன் சாரோட டிபன் பாக்ஸ் டெய்லி கரெக்டா வேலைக்குப் போவுது. சாரு எங்க போறாருன்னுதான் தெர்ல” என்றார். ஹால் அதிர்ந்தது. சிவராமனின் மனைவி மட்டும் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

விஷயம் தெரிந்ததும் பாதிப் பேர் பெஞ்சமினோடு பேசுவதை நிறுத்தினார்கள். ரயிலில் அவர் சொன்னது ஒன்றுதான். “உம் பேரு வெளிய வராது. சோட் தோ, விட்டுடு.”

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், பெஞ்சமின் மாரடைப்பில் போய்விட்டார். இரங்கல் கூட்டத்தில் எங்கள் வழக்கப்படி மைக் கைமாறிக்கொண்டே போனது. ஆளுக்கு இரண்டு வார்த்தை. செயலாளர், “வருஷா வருஷம் என்னைக் கிழிப்பார். இனிமே என்னை யாரு கவனிக்கப் போறா?” என்று நிஜமாகவே அழுதார். சிவராமனின் மனைவி, “செத்தவரைப் பத்திப் பேசக் கூடாது. ஆனா நான் இன்னும் மன்னிக்கலை” என்று மைக்கைக் கணவரிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிச் சொன்னார்: “அவர் மேடையில போட்டு உடைச்ச அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி. எட்டு மாசம் அந்த டப்பாவத் தூக்கிண்டு அலைஞ்சேன்.”

அடுத்து நான்.

“நல்ல மனுஷன்” என்றேன். சரியாக இரண்டு வார்த்தை. அந்த அம்மாளின் கோபமும் அவர் கணவரின் நன்றியும் விலாசம் மாறி பெஞ்சமினுக்கே போய்ச் சேர்ந்தன.

சிவராமன் வீட்டார் பிளாட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார்கள். டீக்கடை இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். பொங்கல் விழாவில் குழந்தைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். யாரும் யாரையும் கிழிப்பதில்லை. நான் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறேன், என் பெயரிலேயே. படித்தவர்கள் “நல்லாருக்கு சார்” என்கிறார்கள். காரம் கம்மி என்று சொல்லத்தான் ஆளில்லை.