வந்துட்டே இருக்கேன்

மூன்று வருடங்களுக்கு முன் சென்னை பம்மலில் நடந்தது இது. ஓர் ஆடி மாதக் காலையில் காபி கேட்ட அப்பா, நான் கலந்து எடுத்து வருவதற்குள் போய்விட்டார். படுத்த படுக்கையாகக் கிடந்த அவரைக் குளிப்பாட்டியது, ஊட்டிவிட்டது எல்லாம் அடுத்த தெருவில் குடியிருந்த நான்தான்.

அண்ணன் இருப்பது சான்பிரான்சிஸ்கோவில். போனில் ஓவென்று அழுதான். "வந்துட்டே இருக்கேன்" என்றான். அவ்வளவுதான், பெரியப்பா உடனே ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லிவிட்டார். கொள்ளி வைக்க, பெற்ற மகன் வேண்டுமே. சொந்தக்காரர்கள் போனும் கையுமாகக் கணக்குப் போட்டார்கள். சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டர், துபாயில் இறங்கி ஏறினால் இருபத்திரண்டு மணி நேரம், கிளம்ப ஒரு நாள். ஆக நாளை மறுநாள் காலை வந்துவிடுவான் என்று முடிவாயிற்று.

எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ்வாக இறங்கும். அந்த மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா தலையைத் தூக்கி, "இதுலயா வர்றான்?" என்று கேட்டாள். நானும் பைத்தியக்காரி மாதிரி, இதில்தான் வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் ஏர்போர்ட்டில் போய் நின்றார். துபாய் விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அவனைக் காணோம் என்றார். அண்ணன் நம்பரைப் போட்டேன். ரிங் போனது. எடுத்தான். பின்னால் டிவியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் பாத்துட்டேதான் இருக்கேன்மா, எதுவும் சரியா அமையல. நீங்க வெயிட் பண்ணாதீங்க. வீடியோ கால்ல காட்டுங்க, போதும்."

மேடவாக்கம் சிக்னலில் நிற்பவரும் 'வந்துட்டே இருக்கேன்' என்பார், இன்னும் பல்லே தேய்க்காதவரும் அதையேதான் சொல்வார். எங்களுக்கு அது தெரியாதா? ஆனாலும் அப்பா செத்த வீட்டுக்கு ஒருவன் அப்படிச் சொல்வான் என்று யாருக்குமே தோன்றவில்லை.

பெரியப்பாவிடம், நானே கொள்ளி வைக்கிறேன் என்றேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"பொம்பளப் புள்ள வெக்கிற வழக்கம் நம்ம வூட்ல இல்லம்மா. நீ அம்மாவப் பாத்துக்கோ."

பொங்கலுக்கு மட்டும் எட்டிப் பார்க்கும் சித்தப்பா மகன் கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டான். என்னைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். அவன் பக்கத்தில் ஒருவர் போனை உயர்த்திப் பிடித்து, அண்ணனுக்குக் காட்டிக்கொண்டே நடந்தார். சுடுகாடு வரைக்கும் அண்ணன் போனான்.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம் என்று யார் கேட்டாலும் இன்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். எங்கள் தெருமுனையிலிருந்து சுடுகாட்டுக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியாது.