முந்தின படம்

அந்த வீட்டின் இரண்டு மருமகள்களும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள் என்றால் அதற்குக் காரணம் மூத்தவள்தான். பிற்பாடு அதை நினைத்து அவள் தன்னைத்தானே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த விளம்பர அலுவலகம். சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் படம் செய்து கொடுப்பார்கள். ஏஐ வந்த புதிதில் மற்றவர்கள் மிரண்டு நின்றபோது, மூத்தவள்தான் துணிந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். என்ன வேண்டும் என்று எழுதினால் படம் வரும். பிடிக்காத இடத்தை வளைத்துக் காட்டி, "இதை மட்டும் மாற்று" என்றால் மாற்றித் தரும். அவள் படங்களில் தூசு தும்பு இருக்காது, முகமெல்லாம் வழவழவென்றிருக்கும். அலுவலகத்தில் அவளுக்குப் 'பளிங்கக்கா' என்று பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கொழுந்தன் மனைவி செருப்புக் கடையில் நாள் முழுக்க நின்று, கால் வீங்கி வந்து உட்கார்ந்த ஒரு சாயங்காலம், "பேசாம எங்க ஆபீசுக்கு வந்துடேன். உக்காந்து பாக்குற வேலை" என்று இவள்தான் வாய்விட்டாள்.

"நிஜமாவா அக்கா?" என்று சின்னவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. மெத்தைக் கடைக்காரர் வந்தபோதுதான் வினை வந்தது. மூத்தவள் செய்த படத்தில் அழகான தம்பதி, கண்ணை மூடிப் புன்னகைத்தபடி படுத்திருந்தார்கள். சின்னவள் சும்மா முயன்று பார்த்ததாகச் சொல்லி ஒரு படத்தைக் காட்டினாள். அதில் தொப்பை வைத்த ஓர் ஆள், வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்க, அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

மெத்தைக் கடைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இதுதாம்மா தூக்கம்! அந்த இன்னொரு படம் இருக்கே, தூங்கும்போது யாராவது சிரிப்பாங்களா?"

முதலாளியம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மூத்தவளும் பல்லைக் காட்டி வைத்தாள்.

அதற்கப்புறம் பெரிய வேலையெல்லாம் சின்னவள் மேசைக்கே போனது. மூத்தவள் எழுதுவதில் பாதிகூடச் சின்னவள் எழுதமாட்டாள். "சட்டைக் காலரை மடங்க விடு", "முடியைக் கலைச்சு விடு" என்று நாலு வார்த்தைதான். படத்தில் இருக்கிற ஆளுக்கு உயிர் வந்துவிடும். மூத்தவள் அதே வார்த்தைகளை ரகசியமாகத் தன் கணினியில் போட்டுப் பார்த்தாள். முடி கலைந்தது, ஆள் பொம்மையாகவே இருந்தார்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. மாமியார் எதிர்வீட்டுக்காரியிடம், "எங்க சின்னது போட்ட படம் பாத்தியா?" என்பாள். மூத்தவளின் புருஷனோ இன்னும் ஒரு படி மேலே போய், "நீயும் அவகிட்ட கொஞ்சம் கேட்டுக்கயேன்" என்றார். அன்றைக்கு அவர் தட்டில் விழுந்த சோற்றுக்கு ஓசை கொஞ்சம் அதிகம்.

அப்போதுதான் பேக்கரிக்காரர் புதுக் கிளை திறப்பதற்கு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே வைக்கப் பெரிய பலகை கேட்டார். சூடான ரொட்டியைப் பிய்த்து, கண்ணை மூடி ஊதிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படத்தைச் சின்னவள் செய்தாள். முதலில் வந்த கையில் ஆறு விரல் இருந்தது. கையை மட்டும் வளைத்துக் காட்டித் திரும்பத் திரும்பக் கேட்டு, பொறுமையாகச் சரிசெய்தாள். அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து போன், பிள்ளைக்குக் காய்ச்சல்.

"அக்கா, நீங்களே அனுப்பிடுங்க, ப்ளீஸ்" என்று பையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மூத்தவள் கோப்பைத் திறந்தாள். ஆறு விரல் படமும் சரிசெய்த படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பெண்ணின் உப்பிய கன்னத்தையே வெகுநேரம் பார்த்தாள். இப்படி ஒரு கன்னம் தனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? சரியான படத்தின் மேல் இருந்த அம்புக்குறியை நகர்த்தி, முந்தின படத்தைத் தொட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து எப்போது வெடிக்கும் என்று காத்திருந்தாள். வெடிக்கவில்லை. பேக்கரிக்காரர் வாய் நிறையப் பாராட்டினார். பலகை ஏறியது. எல்லார் கண்ணும் ரொட்டியிலும் அந்த முகத்திலும்தான் போனது. விரலை யார் எண்ணுகிறார்கள்? தப்பான படத்துக்கும் அவளுக்கே பேரா என்று மூத்தவளுக்கு நெஞ்சு வெந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியாரைப் பலகை காட்ட எல்லாருமாக அழைத்துப்போனார்கள். அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்து, பார்க்கிறதையெல்லாம் துருவிக்கொண்டிருந்தாள் கிழவி. அண்ணாந்து பார்த்தாள். உதடு அசைந்தது.

"ஏண்டி சின்னது, இவளுக்கு ஆறு விரலா?"

சின்னவள் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் சரி பண்ணேனே அத்தை... பண்ணேனே..." என்றவள், கொஞ்சம் கழித்து, "பண்ணலையோ?" என்றாள்.

பேருந்துக்கு நின்றவர்களும் எண்ணிப் பார்த்தார்கள். போனில் படம் பிடித்தார்கள். ஒரே வாரத்தில் அது 'ஆறுவிரல் பேக்கரி' ஆகிவிட்டது. பேக்கரிக்காரர் மாடியேறி வந்து கத்திவிட்டுப் போனார். சின்னவளை விலைச்சீட்டு அடிக்கிற வேலைக்கு மாற்றினாள் முதலாளியம்மா. பெரிய வேலை திரும்பவும் மூத்தவள் மேசைக்கு வந்தது.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சின்னவள் ஒவ்வொரு விலைச்சீட்டையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "ஒரு தடவை பாத்துடுங்கக்கா. அன்னைக்கு அவசரத்துல தப்பானதைத்தான் அனுப்ப எடுத்து வச்சுட்டு ஓடியிருக்கேன் போல. என் கண்ணை என்னாலயே நம்ப முடியல." குரலில் குத்தலே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது மூத்தவள் சொன்னாள். "அன்னைக்கு நீ சரியாத்தான் வச்சிருந்தே. முந்தினதை அனுப்பினது நான்."

சின்னவள் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கை தவறிடுச்சாக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. "இல்ல. தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"உன் படம் நல்லா இருந்துச்சு."

சின்னவள் போர்வையை மடித்து முடித்தாள். மற்றத் துணியையும் கூடையில் போட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் மூத்தவள் முதலாளியம்மாவிடமும் போய்ச் சொன்னாள். வேலையைவிட்டுத் துரத்தாதது பெரிய விஷயம். விலைச்சீட்டு அவளிடம் வந்தது. சின்னவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். ஆனால் முன்னைப் போல இருவரும் ஒரே பேருந்தில் போகவில்லை. வீட்டில் மாமியார் முன்னால் மட்டும் "உப்பு எங்க", "தண்ணி வந்துடுச்சு" என்று பேச்சு. அலுவலகத்தில் அதுவும் கிடையாது.

மழைக்காலம் ஒன்று போயிற்று. ஒருநாள் மதியம் முதலாளியம்மா வெளியே போயிருந்தாள். சின்னவள் செய்த குடைக் கடைப் படத்தை அனுப்பும் வேலை மூத்தவள் தலையில் விழுந்தது. திறந்து பார்த்தாள். கொட்டுகிற மழையில் ஒருவர் தான் நனைந்துகொண்டு, குடையை ஒரு நாய்க்குப் பிடித்திருந்தார். பின்கழுத்தில் வழிந்த தண்ணீர் அப்படியே ஜில்லென்று தெரிந்தது. அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. பழைய எரிச்சலில் ஒரு துளிகூடக் குறையவில்லை. கோப்பின் பேரை வாய்விட்டுப் படித்தாள். கடைசியாகச் செய்ததுதானா என்று சரிபார்த்தாள். அனுப்பினாள்.

ஜன்னலோர மேசையிலிருந்து, நாற்காலியைத் திருப்பாமலே, சின்னவள் கேட்டாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நாயோட காது கொஞ்சம் பெருசா இருக்கோ?" என்றாள் சின்னவள்.

மூத்தவள் படத்தை மறுபடி திறந்து பார்த்தாள். "ஒண்ணும் பெருசு இல்ல. நல்லா இருக்கு" என்றாள். படத்தை மூடிவிட்டு அடுத்த விலைச்சீட்டை எடுத்தாள்.