மாறிப்போன இரண்டு பட்டாக்கள்

சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடியேறிப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான், பட்டாவின்படி அது எங்கள் வீடே இல்லை என்று தெரிந்தது. மாடியில் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டுப் போயிருந்தேன். எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்த நம்பர் உங்க பக்கத்து வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவரு மனை உங்க பேர்ல இருக்கு."

"கம்ப்யூட்டர்ல ஏத்துனவங்கதானே மாத்திப் போட்டுட்டாங்க? நீங்களே திருத்தலாமே?"

"ரெண்டு பேரும் சேந்து மனு குடுக்கணும். கடலூர்ல விசாரணை. ரெண்டு பேரும் நேர்ல போவணும்."

பக்கத்து வீட்டுக்காரரும் நானும் பேசி மூன்று வருடமாகியிருந்தது. அவர் வீட்டு மழைத்தண்ணீர் எங்கள் சுவரில் இறங்குகிறது என்று ஆரம்பித்த சண்டை. சொல்லக்கூடாததையெல்லாம் அப்போது சொல்லியிருந்தோம். அன்று சாயங்காலம் காகிதத்தோடு அவர் வாசலில் போய் நின்றேன். படித்துவிட்டு, "எப்ப போவணும்?" என்று மட்டும் கேட்டார்.

முதல் தடவை பஸ்ஸில் தனித்தனியாக உட்கார்ந்து போனோம். அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். அடுத்த முறை கோப்பு வரவில்லை. அதற்கடுத்து, வந்த கோப்பில் வரைபடம் இல்லை. எல்லாம் சேர்ந்தபோது அதிகாரி மாற்றலாகியிருந்தார். வந்தவர் புது மனு கேட்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டு, தன் கம்பெனி வாசலைத் தாண்டியே கடலூர் போக வேண்டும். அன்று திரும்பும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லீவு ஜாஸ்தியாயிடுச்சு மாமா. சூப்பர்வைசர் மொறைக்கிறாரு."

"தண்ணி விஷயத்துல நான் பேசினது தப்பு" என்றேன்.

"வுடுங்க. சட்டப்படி பாத்தா, இப்ப உங்க வீட்டுத் தண்ணிதான் என் சுவத்துல எறங்குது."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து என் பட்டா சரியாகி வந்தது. அதற்குள் மாடி அறை ஆசையே விட்டுப்போயிருந்தது. அவருடையதில் அப்பா பெயர் தப்பாக விழுந்திருந்தது. மறுபடியும் மனு, மறுபடியும் விசாரணை. அந்தத் தேதியில் நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன்.

"நீங்க எதுக்கு மாமா அலையுறீங்க?"

"பேச்சுத் துணைக்குத்தான்" என்று சொல்லி பஸ்ஸில் ஏறினேன்.